துண்டு திறந்த மதகு

நம்ம வகுப்புக் குழுவில் நீங்கள் அனுப்பிய விழா மலரை நேற்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஊர் வரலாறு அச்சடிப்பது நல்ல காரியம்தான், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. இல்லை, குறை சொல்லத்தான் போகிறேன். ஏழாம் பக்கத்துக்கு வந்ததும் போனைக் கட்டிலில் விட்டெறிந்தேன். 'பெருமழையில் ஏரி உடையாமல் ஊரைக் காத்த பெரியவர்கள்' என்று பதினோரு ஆண்களின் படம். நடுவில், மாலை போட்டு, என் பெரியப்பா. ஏம்ப்பா, நீங்கள் எல்லோரும் அன்றைக்கு என்னோடு கரையில்தானே நின்றீர்கள்? உரச் சாக்கை முக்காடு மாதிரி மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்தது நாம்தானே? ஐம்பது வயசு தாண்டினால் கண் மங்கும், சரி. பார்த்ததுமா மங்கிப் போகும்?

என்னிடம் ஒரு பக்கம் கேட்டிருந்தீர்கள். இதோ. நீளமாய் இருக்கிறது என்று வெட்டினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

உங்கள் மருமக்களும் பேரப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். மேனாம்பேட்டில் நம்ம வீடுகளுக்குப் பின்னால் ஒரு சித்தேரி இருந்தது. கரையின் நடுவில் மதகு. தண்ணீருக்குள் இரண்டு கல் தூண், தூண்களுக்கு நடுவே ஒரு நீளக் கம்பு, கம்பின் அடியில் மரக்கட்டை. கம்பைத் தூக்கினால் அடியில் துளை திறந்து தண்ணீர் வயலுக்குப் போகும். அதைத் தூக்கி இறக்குகிறவர், வயல் வயலாய் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர், நீர்க்கட்டி. காலனியில் நான்கு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் இதைச் செய்துவந்தன. கோயிலுக்குக் குத்துவிளக்கு கொடுத்தவருக்கெல்லாம் உங்கள் மலரில் அரைப் பக்கம் இருக்கிறது. அந்த நான்கு குடும்பத்துக்கு ஒரு வரி இல்லை.

நாம் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது எண்பதுகள் பாதி கடந்திருந்தன. அதற்குள் நான்கில் மூன்று குடும்பம் பக்கத்துத் தொழிற்பேட்டையில், அதுதான் நம்ம எஸ்டேட், கம்பெனி வேலைக்குப் போய்விட்டது. மிச்சம் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரரும் ஆறு வருஷம் முன்பே இரும்பு உருக்கி வார்க்கிற ஒரு பவுண்டரியில் சேர்ந்திருந்தார். அதனால் மதகு வேலை அவர் மனைவியின் கைக்கு வந்தது. இந்தக் கட்டுரை அவரைப் பற்றித்தான். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் 'ஏய், நீர்க்கட்டி' என்றுதான் கூப்பிட்டோம். பன்னிரண்டு வயதுச் சுண்டெலி நானும் அப்படித்தான். அவர் என்னை 'பாப்பா' என்பார்.

மதகுக் கல்லில் ஒரு அம்மன் உண்டு. மஞ்சள் பூசிய சின்னக் கல், அவ்வளவுதான். பெண்பிள்ளைகள் அந்தக் கல்மேல் கால் வைக்கக் கூடாது என்று ஒரு ஊர்க்கட்டுப்பாடு. ஆனால் பவுண்டரிக்குப் போன ஆள் ஏரிக்கு எப்படி வருவார்? ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள் பாருங்கள், அவர்கள் மூளையை என்ன சொல்ல! வீட்டுக்காரரின் துண்டைக் கொண்டுவந்து கல் தூணில் கட்டிவிட வேண்டும். துண்டு இருந்தால் ஆள் இருக்கிறார். அதன்பிறகு அவர் மனைவி கல்மேல் ஏறினாலும், முங்கினாலும், கம்பைத் தூக்கினாலும், தூக்கியது துண்டுக்காரர்தான். 'இன்னிக்கு மதகு தொறந்தானா?' 'தொறந்தான், தொறந்தான்.' இப்படித்தான் ஊர் பேசியது. ஆறு வருஷம் பேசியது. நமக்கும் அது விசித்திரமாகவே தெரியவில்லை.

அந்த அம்மா வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஒருநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு வாய்க்கால் ஓரமாய்ப் போகிறேன். கடைசி வயல்காரர் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார், தன் முறைக்குப் பாதித் தண்ணீர்தான் வருகிறது என்று. நீர்க்கட்டியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் காலை விட்டார். கொஞ்ச நேரம் நின்றார்.

"ஏரிலேர்ந்து நேரா வர்ற தண்ணி சில்லுனு இருக்கும். இது சூடா கீது. எவன் கழனிலயோ படுத்து எழுந்துகினு வருது" என்றார்.

பத்துத் தப்படிக்கு ஒருமுறை காலை விட்டுப் பார்த்துக்கொண்டே மேலே நடந்தார். ஒரு கும்பல் பின்னாலேயே போனது, நானும் போனேன். எங்கள் கழனி வந்தது. அதன் கீழ்முனையில் தண்ணீர் வெதுவெது. மேல்முனையில் ஜில். அவர் குனிந்து வரப்பின் அடியைத் தோண்ட, களிமண் பூசி மறைத்த ஒரு குழாய் வெளியே வந்தது. தண்ணீரை உள்ளே வாங்கி, வழிந்ததை மட்டும் வாய்க்காலுக்கு விட்டுக்கொண்டிருந்தார் என் பெரியப்பா. ஊருக்கே பாசனத் தலைவர் அவர்!

"ஐயா, ஒங்க முறை நாளிக்குத்தானே?"

"அது எலி வளை. நான் இன்னாத்த கண்டேன்" என்றார் பெரியப்பா.

"ஐயே, குழாய் சொருவி களிமண்ணு பூசற எலியா! கெட்டிக்கார எலிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அன்று சாயங்காலம் அதற்காக எனக்கு முதுகில் இரண்டு விழுந்தது. பெரியப்பா அந்தச் சிரிப்பை மறக்கவே இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வருஷம்தான் மழை. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து வெளியே ஓடிவிட வேண்டும். ஆனால் கலங்கல் ஓரத்துக் கழனியைப் பெரியப்பா மனை போடுகிறவருக்கு விற்றிருந்தார். மனைக்காரர் பவுண்டரிகளில் கழித்துக் கொட்டுகிற கருப்பு மணலை லாரி லாரியாய் அடித்து மேடாக்கினார். மழை பட்டால் அந்த மணலில் கருகிய இரும்பு வாசனை வருமே, ஞாபகம் இருக்கிறதா? நம்ம ரிப்பனில் கூட அந்த வாசனை ஒட்டியிருந்தது. கலங்கல் கால்வாய் பாதிக்கு மேல் மூடிப் போனதை ஒருத்தரும் கேட்கவில்லை.

நான்கு நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலை பள்ளிக்கூடம் இல்லை என்றார்கள், நாம் கரைக்கு ஓடினோம். தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரையின் நடுவே ஒரு இடத்தில் தண்ணீர் கசிந்து, சேறாய் வெளியே ஓடியது. உடைந்தால் முதலில் போவது காலனி, அடுத்தது நம்ம தெரு. ஆண்கள் கலங்கல் பக்கம் மண்வெட்டியோடு ஓடினார்கள். கருப்பு மணல் சரிந்து சரிந்து விழுந்தது, வெட்ட வெட்ட மூடியது. மதகைத் திறந்தால்தான் மூச்சு விட முடியும். கம்பில் கயிறு கட்டி ஆறு பேர் கரையிலிருந்து இழுத்தார்கள். அசையவில்லை. அடியில் எதுவோ அடைத்திருந்தது. முங்கி எடுக்க ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

நீர்க்கட்டியம்மா வந்தார். அவர் வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அந்தப் பிரளயத்திலும் இந்த அம்மா முதலில் செய்தது என்ன தெரியுமா? தூணில் துண்டைக் கட்டினார். முடிச்சு நனைந்து வழுக்கியது. "கட்டு, கட்டு, சீக்கிரம்" என்று பெரியவர்கள் கத்தினார்கள். ஊர் மூழ்கப் போகிறது, இவர்களுக்குத் துண்டு கட்டியாக வேண்டும்!

முதல் தடவை முங்கி ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டாம் தடவை லாரி ட்யூப் துண்டு. மூன்றாம் தடவை போனவர் வரவில்லை. நாம் ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்து, பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டோம். உங்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பெயர் சொல்லவில்லை. தலை மேலே வந்தது. வாயைத் திறந்து காற்றை இழுத்தார், பிறகு "இழுங்க!" என்று ஒரு கத்தல். கம்பு மேலே வந்தது. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இடி மாதிரி கொட்டியது. கொஞ்சம் கொஞ்சமாய்க் கசிவு நின்றது.

"தொறந்துட்டான்பா! நம்ம ஆளு தொறந்துட்டான்!" என்று கூவினார் பெரியப்பா. எல்லோரும் கை தட்டினார்கள்.

நம்ம ஆள் அந்நேரம் எஸ்டேட்டில் இரும்பு ஊற்றிக்கொண்டிருந்தார். கல்மேல் நின்றவருக்கு வலது கையில் இரண்டு நகம் பிய்ந்து ரத்தம் கொட்டியது. ஈரப் புடவையோடு நிற்கிறார் என்று ஆண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். காய்ந்த துணி ஒன்று கொண்டுவந்து கொடுக்க ஒரு வீட்டுக்கும் தோன்றவில்லை, எங்கள் வீடு உட்பட.

மழை ஓய்ந்து பொங்கலுக்குப் பிறகு ஏரி ஆபீஸிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். ரேஷன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இனிமேல் இந்த ஏரிக்கு ஒரு லஸ்கர் போடப் போகிறோம் என்றார். லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூடுகிற அரசாங்க வேலை. மதகு தெரிந்த உள்ளூர் ஆளாய் இருந்தால் நல்லது, மழை அன்று திறந்தவர் யாரோ அவருக்கே கொடுக்கலாம், பாசனத் தலைவர் ஒரு சான்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்.

கும்பலின் கடைசியிலிருந்து நீர்க்கட்டியம்மா கேட்டார். "சார், பொம்பளைங்களுக்குக் குடுப்பீங்களா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். இன்ஜினீயர் சிரிக்கவில்லை.

"நீஞ்சத் தெரியுமாம்மா?"

"முங்கவே தெரியும் சார்."

"அப்ப சான்று வாங்கிட்டு வாங்க. பார்க்கலாம்."

அந்த மனுஷர் அவ்வளவு சுலபமாய்ச் சொல்லிவிட்டார்! கதவு திறந்தே இருந்தது, அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. அந்த வேலை நீர்க்கட்டியம்மாவுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது காலனிக்கே தெரியும். பவுண்டரித் தூசியில் அவர் வீட்டுக்காரருக்கு இருமல் முற்றி, துப்பினால் சிவப்பாய் வர ஆரம்பித்திருந்தது. இன்னும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ, அதற்குமேல் அவரால் உலையின் முன் நிற்க முடியாது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

சான்றை எழுதியது நான். என் கையெழுத்து குண்டு குண்டாய் அழகாய் இருக்கும் என்று பெரியப்பா என்னைத்தான் எழுதச் சொல்வார். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து சொல்ல, நான் தரையில் குப்புறப் படுத்து எழுதினேன். மேற்படி ஏரியில் பெருமழை அன்று மதகைத் திறந்து ஊரைக் காத்தவர் என்று சொல்லி, வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னார்.

பேனா நின்றது. "பெரிப்பா, தொறந்தது நீர்க்கட்டிதானே? அது பேரு இன்னா?"

"எனக்கு இன்னாடி தெரியும் அவ பேரு? எழுது."

"இன்ஜினீயர் அதைத்தானே வரச் சொன்னாரு…"

"பொம்பளை கல்லு மேல ஏறுனான்னு நானே கையெழுத்துப் போட்டு சர்க்காருக்கு அனுப்பவா? நாளிக்கு ஊர்ல அம்மை கிம்மை வந்தா எவன் பதில் சொல்றது? எவன் பேர்ல இருந்தா இன்னா, சம்பளம் ஒரே ஊட்டுக்குத்தானே போவப்போவுது. நல்லதுதானே செய்றேன். எழுதுடி."

அவர் உண்மையாகவே நல்லது செய்வதாய் நினைத்தார். பழிவாங்கினார் என்று சொன்னால் எனக்குக் கூடக் கொஞ்சம் ஆறுதல். ஆறு வருஷம் துண்டைப் பார்த்து 'அவன்' என்று பேசிப் பேசி, அது பொய் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஊரார் பத்துப் பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பதினோரு பேர்தான் உங்கள் ஏழாம் பக்கத்தில் இருக்கிறார்கள்.

நீர்க்கட்டியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கிக்கொண்டு, "எல்லாம் சரியா எழுதிக்கீறியா பாப்பா?" என்று என்னைக் கேட்டார். பெரியப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து பதில் கடிதம் வந்தது. காலனி வீடுகளுக்கு அப்போது கதவு எண் கிடையாது. அவர்களுக்கு வருகிற தபாலெல்லாம் 'கேர் ஆப்' போட்டு எங்கள் வீட்டுக்கு வரும். கேட்டால் எடுத்துக் கொடுப்போம். தபால்காரர் கொடுத்ததை நான்தான் வாங்கினேன், நான்தான் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆபீஸிலிருந்து விசாரித்திருக்கிறார்கள். மழை அன்று காலை அந்த ஆள் தொழிற்சாலையில் வேலையில் இருந்ததாக அவருடைய வருகை அட்டை காட்டுகிறது, ஆகவே சான்று செல்லாது. உண்மையில் மதகைத் திறந்தவர் யாரோ அவர் இந்தக் கடிதத்தோடும் திருத்திய சான்றோடும் பதினைந்து நாளுக்குள் நேரில் வரலாம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பெரிப்பா, இப்ப மாத்தி எழுதிடலாமா?" என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"மாத்தி எழுதுனா மொதல்ல எழுதுனது பொய்யின்னு ஆவாதா? பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுகீறானுங்க, அத்தினி பேரும் பொய்யனுங்களா?" கடிதத்தை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். "கம்முனு கெட. யார்னா கேட்டா வர்லன்னு சொல்லு."

மறுநாள் சாயங்காலமே நீர்க்கட்டியம்மா எங்கள் கொல்லைப் பக்கம் வந்தார். வாசல் வழியாக வர அவர்களுக்கு வழக்கமில்லை. நான் கிணற்றடியில் பாவாடை அலசிக்கொண்டிருந்தேன்.

"கடுதாசி எதுனா வந்துச்சா பாப்பா?"

"வர்ல."

அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும். ஒருநாள் ஏரியில் பறித்து வேகவைத்த கொட்டிக்கிழங்கை வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். உப்புப் போட்டு வெந்த, மாவாய்க் கரைகிற கிழங்கு. நின்ற இடத்திலேயே தின்றேன், விரலை நக்கிக்கொண்டேன். "வந்துச்சா?" என்றார். "வர்ல" என்றேன். சாமி படம் கொல்லைக் கதவிலிருந்து பத்தடி தூரம். நாற்காலிகூட வேண்டாம், எட்டினால் கைக்கு வரும். பெரியப்பா பாதி நாள் வீட்டிலேயே இருக்க மாட்டார். யாரும் என்னைக் கட்டிப் போடவில்லை. இன்னும் இரண்டு அடி விழும் என்ற பயம், அவ்வளவுதான். பதினைந்தாம் நாள் அவர் வரவில்லை. எனக்கு நிம்மதியாய் இருந்தது.

கோடையில் வேறு ஊரிலிருந்து ஒரு லஸ்கர் வந்தார். காக்கிச் சட்டை, சைக்கிள். நல்ல மனிதர்தான், தண்ணீரைக் கண்டால் பயம். அடுத்த நடவுக்கு மதகு திறக்கப் போனால் கம்பு பழையபடி இறுகிக் கிடந்தது. பெரியப்பா காலனிக்கு ஆள் அனுப்பினார். நீர்க்கட்டியம்மா வந்தார். துண்டைத் தூணில் கட்டினார். திரும்பி வந்து கரையில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாமே உக்காந்துட்ட? முங்கு."

"நான் இன்னாத்துக்கு ஐயா? ஆளு வந்துட்டாரு பாருங்க. கேளுங்க, தொறப்பாரு."

கையெழுத்துப் போட்ட பத்துப் பேரும் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காற்றில் துண்டு ஆடியது. அவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வருஷம் நாற்று காய்ந்தது. அடுத்த வருஷத்திலிருந்து நம்ம கழனிகள் மனைகளாயின. ஏரி போனது, ஏரி போனது என்று மலரில் கண்ணீர் விட்டிருக்கிறீர்களே, எப்படிப் போனது என்று ஒரு வரி எழுதுங்கள்.

நீர்க்கட்டியம்மாவின் வீட்டுக்காரர் இரண்டு வருஷத்தில் இறந்துபோனார். தொண்ணூறுகளில், எனக்கு ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தபோது, ஓ.டி. என்கிற பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். எஸ்டேட்டில் ஏதோ கம்பெனியில் பெருக்குகிற வேலை, கையில் டிபன் தூக்கு. என்னை அவர்தான் அடையாளம் கண்டுகொண்டார். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார், பெரியப்பா உடம்பை விசாரித்தார். கடைசியில் சொல்லிவிட்டேன், அந்தக் கடிதம் வந்தது, எங்கள் வீட்டில்தான் இருந்தது என்று.

"தெரியும் பாப்பா" என்றார். "தபால்காரரு காலனி வழியாத்தானே போவாரு. 'ஏரி ஆபீஸ் கடுதாசி வந்துகீது, ஐயா ஊட்ல குடுத்துட்டேன்'னு அன்னிக்கே சொல்ட்டாரு. ஆபீஸுக்கும் போய்ப் பாத்தேன். கேட்ல ஒருத்தன், கடுதாசி இல்லாம உள்ள உட முடியாது, பதினஞ்சு நாளு தவணை, அதுக்குள்ள எடுத்துகினு வான்னான்."

"அப்புறம் ஏன் தினமும் என்கிட்ட கேட்டீங்க?" 'நீங்க' என்று அவரை அன்றுதான் முதல்முதலாய்ச் சொன்னேன்.

"ஒங்க பெரிப்பா குடுக்கமாட்டாரு, அது தெரிஞ்ச விசயம்தானே. நீ குடுத்துடுவேன்னு நெனச்சேன். பதினாலாவது நாளு வரிக்கும் நெனச்சேன்."

ஆவடி பஸ் வந்தது. கூட்டத்தில் முட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.